ஆஸ்பத்திரி மூட்டை

மூக்கம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். போடிக் கடைவீதியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத முதலாளி இல்லை. ஆனால் கை சுத்தம். அதனால் எந்தக் கடையிலும் அவளுக்கு வேலை இருந்தது.

ஐம்பத்தாறாம் வருடம் கார்த்திகையில் அவளையே வாயடைக்க வைத்த சேதி ஒன்று வந்தது. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைக்கும் மகமையில்தான் ஊரின் தர்ம ஆஸ்பத்திரி நடந்தது. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம், நான்கு கட்டில், பிரசவம் பார்க்க கிரேஸ் என்ற ஒரே நர்சம்மா. மலையில் செடிக்கு அழுகல் நோய் விழுந்து விளைச்சல் படுத்துவிட்டதென்று மகமையை நிறுத்திவிட்டார்கள். அவரவர் வீட்டுக் கல்யாணப் பந்தலில் ஒரு முழம் குறைந்ததாகத் தெரியவில்லை. நர்சம்மாவுக்குத் தை மாதம்வரைதான் சம்பளம். அதற்குப் பிறகு மதுரைக்கு ரயிலேற வேண்டியதுதான்.

மூக்கம்மாளின் மகள் பொன்னுமணி குரங்கணியில் வாக்கப்பட்டிருந்தாள். தலைப்பிரசவத்தில் அவளைக் கட்டிலோடு தூக்கி மலையிறக்குவதற்குள் பிள்ளை போய்விட்டது. இப்போது மறுபடி மாசமாக இருந்தாள். பங்குனியில் பேறுகாலம். நர்சம்மாவோ தையோடு போய்விடுவாள்.

மறுநாளே முதலாளி சௌந்தரபாண்டியன் முன்னால் போய் நின்றாள். சரக்குப் பார்க்க வருகிறவர்கள் மூட்டையிலிருந்து ஒரு கை காயை அள்ளி, நிறம் பார்த்து, கடித்துப் பார்ப்பார்கள். அள்ளியதைத் திரும்ப மூட்டையில் போட மாட்டார்கள், ராசியில்லை என்பார்கள். அது ஒரு கூடைக்குப் போகும்.

"அந்தக் கூடைக் காய ஆஸ்பத்திரிக்குக் குடுங்க மொதலாளி."

"பத்துத் தரமும் கலந்து கெடக்கு. அத எவன் வாங்குவான்?"

"பிரிக்கிறதுதான எங்க சோலி."

எல்லாக் கடையிலும் ஏறி இறங்கிக் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சக பெண்களை உட்காரவைத்துப் பிரித்தாள். முணுமுணுத்தவர்களை, "நீ பிள்ளை பெத்துக்கவே மாட்டியாக்கும்" என்று ஒரே வார்த்தையில் அடக்கினாள். தை பிறந்தபோது பச்சை நிறம் மாறாத நல்ல காய் ஒரு மூட்டை தேறியிருந்தது.

"ஒன் மூட்டை, நீயே வித்துக்க ஆத்தா" என்றார் சௌந்தரபாண்டியன் விளையாட்டாக. அப்போது யாருக்கும் துண்டு ஞாபகம் வரவில்லை.

அந்தக் கடைவீதியில் விலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் ஒரு துண்டு மூடும். உள்ளே விரலை அமுக்குவதிலேயே பேரம் முடிந்துவிடும். யார் எவ்வளவு கேட்டார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. பெரிய வியாபாரி ஐசக் வழக்கம்போலத் துண்டை விரித்துக் கையை நீட்டினார். எதிரே மூக்கம்மாள். நெருப்பைத் தொட்டவர்போல நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"கையெல்லாம் தர முடியாது மொதலாளி. வாயால சொல்லுங்க" என்றாள் அவள்.

ஐசக் சுற்றுமுற்றும் பார்த்தார். துண்டுக்குள் அமுக்கியிருக்க வேண்டிய விலையை மெல்லச் சொன்னார். காதைத் தீட்டி நின்ற கடைவீதி முழுக்கக் கேட்டது.

"தர்ம மூட்டைக்கு இம்புட்டுத்தானா அண்ணே?" என்றார் சௌந்தரபாண்டியன். கூட்டம் சிரித்தது. ஐசக்குக்கு முகம் கறுத்துவிட்டது. விலையை ஏற்றினார். அவர் ஏற்றியபின் சௌந்தரபாண்டியன் சும்மா இருக்க முடியுமா? அவரும் ஏற்றினார். அடுத்து நின்ற வியாபாரி தங்கபாண்டியனுக்கும் மானம் இருந்தது. இப்படியே ஏறி ஏறி, எந்த முதல்தரச் சரக்கும் காணாத விலையில் ஐசக்கே மூட்டையை எடுத்தார். அடுத்த விளைச்சல்வரை நர்சம்மா சம்பளத்துக்குப் பஞ்சமில்லை.

"இனி துண்டுக்கு ஆம்பளை ஆளை அனுப்பு மூக்கம்மா. இது எங்களுக்குக் கட்டாது" என்றார் ஐசக், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"வருசாவருசம் நானேதான் வருவேன் மொதலாளி."

நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கிரேஸ் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"பொன்னுமணிய மாசியிலயே கொண்டாந்துருங்கக்கா. வலி வந்தப்புறம் மலையெறக்குற சோலியே வேணாம்."

மூக்கம்மாள் காலிக் கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்படி இறங்கியது.

பங்குனி இரண்டாவது வாரம், அதே கட்டிலில் பொன்னுமணிக்குப் பெண் பிறந்தது. பிள்ளை வீறிட்ட சத்தம் காதில் விழுந்த பிறகுதான், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் நின்றிருந்த மூக்கம்மாள், ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.