சீட்டுக்கடியில் இரண்டு ஹேண்டில்

ஐம்பதுகளில் ஓசூரில் ஒரே முதலாளியிடம் நானும் காதரும் லாரி ஓட்டினோம். மார்கழிக் குளிரில் என் லாரியைக் கிளப்பினால் இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அவனுடையது அமைதியாகக் கிளம்பும். வாங்கப்போகும் புது லாரி காதருக்குத்தான் என்று முதலாளி சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் அவனுடைய ஹேண்டிலை எடுத்து என் சீட்டுக்கடியில் ஒளித்துவைத்தேன். அவன் திண்டாடுவதைப் பார்க்க விடியற்காலையிலேயே போய் நின்றேன்.

"அண்ணா, என் ஹேண்டிலக் காணோம். உங்களுது குடுங்க" என்றவன், நான் தடுப்பதற்குள் என் சீட்டைத் தூக்கிவிட்டான். உள்ளே இரண்டு கிடந்தன. பச்சைத் துணி சுற்றிய தன்னுடையதை எடுத்தான். என் லாரிக்கு முன்னால் போய், சாவி போடாமலேயே இருபது சுற்றுச் சுற்றினான்.

"குளிர்ல ஆயில் கீழயே நின்னுடுது அண்ணா. இப்படிச் சுத்தி மேல ஏத்திட்டு, அப்பறம் சாவி போடுங்க."

போட்டேன். அவன் இன்னொரு சுற்றுச் சுற்றியதும் என் லாரி முதன்முறையாகச் சத்தமில்லாமல் கிளம்பியது.

புது லாரி அவனுக்கே போனது. அன்றைக்கும் என் வயிறு எரியத்தான் செய்தது. அவன் முதலாளியிடம் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கடைசிவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை.