ஜல்லிப் பாதையில் சைக்கிள் கற்றது

இருபத்தேழு வயதாகியும் எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆரணியில் இது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சுற்றுக் கிராமங்களில் தறி வைத்திருப்பவர்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வருகிற ஆள் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே நீயே போய் வந்துடுப்பா. கடை சைக்கிள் இருக்குது, எடுத்துக்க."

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரிங்க என்றேன்.

அன்றிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊர் ஊராக நடந்தேன். எதிரில் யாராவது வந்தால் குனிந்து டயரை அழுத்திப் பார்ப்பேன். பஞ்சரா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். ஒரு தறிக்காரர் பரிதாபப்பட்டு வீட்டுக்குள் போய்ப் பம்பு எடுத்துவந்து, கல் மாதிரி இருந்த டயருக்கு மேலும் காற்றடித்துக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று நன்றி சொன்னேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். என் மனைவி படவேட்டுக்காரி. அவளுடைய அப்பா காட்டிலாகாவில் காவலராக இருந்தார். ஒருநாள் என் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, சைக்கிள்ல போய் வர்றவருக்குச் செருப்பு எப்படி இவ்வளவு தேயுது?"

ஏதோ சமாளித்துப் பார்த்தேன். முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் கத்துத் தர்றேன்" என்றாள்.

"நீயா?"

"எங்கப்பா சைக்கிள்ல நான் அந்த ஊரையே சுத்திகினு இருந்தவ. மலையடியில ஜல்லி ரோடு ஒண்ணு இருக்குது. அங்க ஒரு வண்டி வராது. விழுந்தாலும் யாரும் பார்க்கமாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி, மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட பாதை அது. அந்தப் பக்கம் மரம் வெட்டுவது நின்றபிறகு லாரிகளும் நின்றுவிட்டன. செம்மண்ணும் ஜல்லியும் கலந்து, ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், வளைவில் ஒரு காய்ந்த ஓடை என்று போய்க்கொண்டே இருக்கும். ஹாரன் சத்தம் கிடையாது. அமாவாசைக்குத் தறி ஓடாது, கடைக்கும் விடுமுறை. மாதம் ஒருமுறை பஸ் பிடித்து மாமனார் வீட்டுக்குப் போய், அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருவரும் அந்தப் பாதைக்குப் போனோம்.

நான் ஏறி உட்காருவேன். அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவாள். அவளுக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும். ஆடு மேய்க்கும் யாராவது தூரத்தில் தெரிந்தால் உடனே குதித்து இறங்கி, சும்மா நடந்து வந்தவன் மாதிரி மலையைப் பார்த்து நிற்பேன். "கீழ பார்க்காதீங்க, நேரா பாருங்க" என்பாள். நான் ஜல்லியைத்தான் பார்ப்பேன். ஆனாலும் மூன்றாவது அமாவாசைக்குள் அவள் பிடிக்காமலே கொஞ்ச தூரம் போக வந்துவிட்டது.

ஆடி மாதம் வந்தது. அந்த அமாவாசை வெள்ளிக்கிழமையாகவும் அமைந்துவிட்டது. படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் சுற்றுவட்டாரமே திரளும் என்று தெரியும். விடியற்காலையில் ஜல்லிப் பாதைக்குப் போய்விட்டுக் கூட்டம் சேருவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அன்று சைக்கிள் எனக்கு வசப்பட்டுவிட்டது. இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று நேரம் போனதே தெரியவில்லை. கடைசியாக இறக்கத்தில் வேகமாக வந்தவன் பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் ஜல்லியில் வழுக்கிக்கொண்டு போனது. எழுந்தபோது முழங்காலில் ரத்தம் ஓடியது. வலது காலை ஊன்ற முடியவில்லை.

"மாமாவைக் கூட்டினு வா. மாட்டு வண்டி ஏதாவது பார்க்கச் சொல்லு" என்றேன்.

"அப்பா கோயிலுக்குக் கூழ் ஊத்தப் போயிருப்பாரு. இன்னைக்கு எவன் வண்டி பூட்டுவான்? பின்னால உட்காருங்க."

"சாயங்காலம் கூட்டம் கலையட்டும். அதுவரைக்கும் இங்கயே இருக்கலாம்."

என் காலைப் பார்த்தாள். அது பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது. "ஏறுங்க" என்றாள்.

சேலையை வயலில் நடவு நடுகிறவர்கள் மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஆண்கள் சைக்கிளில் ஏறினாள். நான் கேரியரில் உட்கார்ந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஜல்லிப் பாதை முடியும் வரை பயமில்லை. அது கோயில் ரோட்டில் போய்ச் சேரும். அங்கிருந்து மாமனார் வீட்டுக்குப் போக வேறு வழியில்லை.

ரோட்டில் மஞ்சள் சேலைகளும் வேப்பிலையுமாக ஜனம். பாதிப்பேர் நான் பாவு கொடுக்கும் வீட்டுக்காரர்கள். அவர்களுக்கும் அன்று விடுமுறைதானே. முதலில் ஒரு பெண் குரல் கேட்டது. "அது நம்ம பட்டுக்கடை கணக்கர் இல்ல?" தலையைக் குனிந்துகொண்டேன். சைக்கிள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, விழாமல் இருக்க அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். அத்தனை பேர் முன்னால். யாரோ விசில் அடித்தார்கள். இறங்கி ஓடிவிடலாம் என்றால் கால் இல்லை.

கூட்டத்துக்கு நடுவே ஒரு கார் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் குடும்பத்தோடு முதலாளி.

"இன்னாப்பா இது? சைக்கிளை உனக்குக் குடுத்தேனா, வூட்டம்மாவுக்குக் குடுத்தேனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி ஒரு காலை ஊன்றி நிறுத்தினாள். கடை சைக்கிளை எடுத்துவந்து விட்டதாக அவர் தவறாக நினைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இது எங்கப்பா சைக்கிளுங்க. இவருக்கு ஓட்டத் தெரியாது, கத்துக்குடுத்துகினு இருந்தேன். விழுந்துட்டாரு."

முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். காற்றடித்துக் கொடுத்த தறிக்காரரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. முதலாளியே கார் கதவைத் திறந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தேன். சில நாள் கழித்து முதலாளி வந்தார். சேலைகள் தறிக்காரர் வீடுகளில் தேங்கிக்கொண்டிருந்தன. "உங்க வூட்டம்மா போய் வாங்கியாந்தா நல்லா இருக்கும்பா" என்றார், என்னைப் பார்க்காமல். மறுக்க எனக்கு எந்த யோக்கியதையும் இருந்ததாகத் தோன்றவில்லை. மறுநாள் கடை சைக்கிளில் அவள் எங்கள் தெருவைத் தாண்டிப் போனபோது, ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தறி வீட்டுப் பெண்கள் என்னிடம் பேசவே மாட்டார்கள். அவளிடம் பேசினார்கள். ஜரிகை குறைகிறது, பாவு அறுந்து அறுந்து போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கடைக்கே தெரியவந்தது. கட்டைப் பிரித்தபின் நானும் சைக்கிளில் ஏறி, உண்மையாகவே ஓட்டிக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போனேன். வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி. "அக்கா வரலியா?" ஒரு மாதத்தில் முதலாளி முடிவு செய்துவிட்டார். கிராமங்களுக்கு அவள், கடைக் கணக்குக்கு நான்.

எண்பதுகளில் ஒரு தறிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தனியாகப் போனேன். அன்று அவளுக்குக் காய்ச்சல். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"நீங்க யாருங்க?"

உள்ளேயிருந்து இன்னொருத்தி எட்டிப் பார்த்து, "சைக்கிள் அக்கா வூட்டுக்காரருடி" என்றாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் காது சூடானது. "ஆமாம்மா" என்று சொல்லிச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு, பந்தியில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.