ஒரு குளம், இரண்டு கட்சி

துணுக்காய்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருந்த ஒரு குளத்தில் நான் பல வருடம் நீர்ப்பாசன ஊழியனாக இருந்தேன். வயலுக்குத் தண்ணீர் விடும் துருசை அங்கே ஒருவர் தனியே திறக்க முடியாது. இரும்புச் சக்கரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒருவர் ‘ம்’ என்றதும் இருவரும் சேர்ந்து தள்ளவேண்டும். ஒருவர் முந்தினால் சக்கரம் உதறி மற்றவரின் மணிக்கட்டைப் பதம்பார்த்துவிடும். ஆகவே அரசாங்கம் அங்கே இரண்டு பேரை வைத்திருந்தது. இருவருக்கும் ஒரே அறை, ஒரே குசினி. கட்சி மட்டும் இரண்டு.

மற்றவர் இடதுசாரி. மே தினத்துக்குப் போடவென்று ஒரு சிவப்புச் சட்டையைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். நான் அவரைத் ‘தோழர்’ என்று கூப்பிட்டது மரியாதைக்காக அல்ல. அவரும் என் சமஷ்டிக் கட்சியின் பெயரைச் சொல்லி என்னைச் ‘சமஷ்டி’ என்றுதான் கூப்பிடுவார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த நாளிலிருந்து எங்களுக்குள் இதே கதைதான். தமிழருக்கென்று ஒரு மாநிலம் இல்லாவிட்டால் விமோசனமில்லை என்பேன் நான். இரண்டு மொழிக்கும் சம இடம் கேட்கிற சிங்களவர் தன் கட்சியில்தான் இருக்கிறார்கள், அவர்களையும் விட்டால் நாதியற்றுப் போவோம் என்பார் அவர்.

“உம்மட ஆக்கள் மேடையில கத்துவினம், பிறகு வீட்டை போய்ப் படுப்பினம்,” என்பார் தோழர்.

“உம்மட ஆக்கள் ஒரு நாளைக்கு உம்மை வித்துப்போட்டுத்தான் போவினம், பாரும்.”

கோபம் முற்றினால் நாட்கணக்கில் பேச்சு இராது. துருசடியில் அந்த ‘ம்’ மட்டும். அவருடைய சமையல் முறை வந்தால் கறியில் உறைப்பு ஏறிவிடும். நானும் விட்டுக்கொடுக்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டு சட்டியை வழித்துத் தின்பேன். எழும்பி எங்கே போவது? மாரியில் பாதை வெள்ளத்துக்குள் போய்விடும். கோடையில் பொழுதுபட்டால் குளக்கட்டில் யானை நிற்கும். அந்த மனுசனின் முகத்தைத் தவிர வேறு முகம் இல்லாத நாட்கள் எனக்கு மூச்சுமுட்டும்.

இடமாற்றத்துக்குத் தவமிருந்தேன். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். கைக்குழந்தையோடு அந்தக் காய்ச்சல் காட்டுக்கு வரமாட்டேன் என்று மனைவி சொன்னதில் பிழையில்லை. லீவில் போகும்போதெல்லாம் மகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். மெல்ல மெல்ல என் மடிக்கு வரும் நேரம் லீவு முடிந்துவிடும். இந்தப் பிள்ளை என்னை அறியாமலே வளர்ந்துவிடுமோ என்ற பயம் என்னை அரித்தது. அந்த நாளில் இடமாற்றம் என்றால் அரசாங்கப் பக்கத்தில் ஒருவர் ஒரு சொல்லுச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களோ எதிர்ப்பக்கம்.

ஒரு நாள் பேப்பரில் செய்தி வந்தது. தோழரின் கட்சி மொழிக் கோரிக்கையைக் கைவிட்டு அரசாங்கத்தில் சேர்ந்துவிட்டது. இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன்! குசினி வாசலில் நின்று ஒரு வரி விடாமல் உரத்து வாசித்தேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை. அன்று கறியில் உறைப்பு அளவாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த லீவில் மனைவி சொன்னாள்: “அந்தாளின்ர கட்சி இப்ப அரசாங்கத்தில எல்லோ. உங்களுக்காக ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லுங்கோவன்.”

வாசித்துக் காட்டிய வாயால் எப்படிக் கேட்பது? மகளை நினைத்துக்கொண்டு கேட்டேன்.

“கேட்டால் செய்வினம்,” என்றார் தோழர். “ஆனா நான் கட்சியை விட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இனி எந்த முகத்தோட போய்க் கேக்கிறது, நீரே சொல்லும்?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவருக்குக் கட்சி இருந்த காலமெல்லாம் அதைத் திட்டினேன். எனக்கு அது தேவைப்பட்டபோது அவரிடம் கட்சி இல்லை.

அடுத்த வருடம் தேர்தல் வந்தது, அந்த அரசாங்கம் தோற்றது. எந்தக் கட்சியைத் துரோகிகள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேனோ, வென்று வந்த அந்தச் சிங்களக் கட்சியோடு எங்கள் ஆட்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். தோழர் பேப்பரை முதலில் எடுத்தார். உரத்து வாசிக்கப் போகிறார் என்று கல்லாகிப்போய் இருந்தேன். அவர் மனதுக்குள் வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

“இப்ப உம்மட ஆக்கள் அரசாங்கத்துக்கு உள்ளுக்கை. போய்க் கேளும். பிள்ளை வளருது.”

வாசித்துக் கேலிசெய்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

போனேன். எங்கள் கட்சிப் பிரமுகரின் வீட்டு வாசலில் நீண்ட வரிசை. என்னோடு ஒரே கூட்டத்தில் நின்று கோஷம் போட்டவர்கள் பலர் அதில் நின்றார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. என் முறை வந்தது. அவர் அன்பாகத்தான் பேசினார். “செய்யலாம் தம்பி. ஆனா உம்மட இடத்துக்கு ஒரு பதில் ஆளைப் பிடிச்சுத் தாரும்.”

திரும்பிவந்து தோழரிடம் சொன்னேன். “இந்தக் காட்டுக்கு எங்களைப்போல விசரன் இன்னொருத்தன் எங்க கிடைக்கப் போறான்?” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்த லீவில் போனபோது மகள் ஒளியவில்லை. படலையடிக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். “வாங்கோ,” என்றாள். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோலப் பணிவாகக் கேட்டாள்: “எப்ப திரும்பிப் போறியள்?”

“ஞாயிற்றுக்கிழமை,” என்றேன்.

“சரி,” என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள்.