அம்மாவுக்கு வந்த மூச்சு

அப்பா வீரமுத்துவுக்கும் அம்மா கொளஞ்சியம்மாளுக்கும் ஒரே சர்க்கரை வியாதி, ஒரே இன்சுலின். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்ட இருவரும் போவார்கள். திரும்பி வந்து உலை வைப்பதும், அப்பாவுக்கு ஊசி போடுவதும் அம்மா தலையில்.

போன வருடம் அப்பா ஊசியை விட்டுவிட்டு ஏதோ லேகியம் தின்றார். நாலே நாளில் வாந்தி, புஸ்புஸ்ஸென்று மூச்சு. அம்மா உடனே 108-ஐக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாளே மனுஷன் கறிக்குழம்பு கேட்டபடி வீடு திரும்பினார்.

இந்த ஆடியில் தீமிதிக்கு அம்மா காப்பு கட்டினாள். காப்பு கட்டியவர் உடம்பில் ஊசி ஏறக்கூடாது, ரத்தம் வந்தால் தீட்டு என்பார்கள் எங்கள் தெருவில். இன்சுலினை நிறுத்திவிட்டாள். புகுந்த வீட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த எனக்கும் அது தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, கோயிலில் கூழ் ஊற்றும்போது அம்மா தள்ளாடினாள். அப்பாவுக்கு வந்த அதே மூச்சு. கண் செருகியது. வாயில் பழ வாசனை.

"ஆத்தா வந்துட்டாடி!" என்று பூமாலை அத்தை குலவையிட்டாள். மஞ்சள் தண்ணீரை ஊற்றி வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். தொலைந்த தன் மாடு கிடைக்குமா என்று எதிர்வீட்டுத் தமிழரசன் கேட்டார். அம்மா தலை அசைந்தது. பெண்டாட்டிக்கு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுக்காத அப்பா, அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பிள்ளை வரம் கேட்டு நானும் விழுந்தேன். சாயங்காலம் அவள் சுருண்டு விழுந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார். "மூச்சு எப்பலேர்ந்து இப்பிடி வாங்குது?"

"காலையில சாமி வந்ததுலேர்ந்துங்க," என்றார் அப்பா. "போன வருசம் எனக்கும் இப்பிடிதாங்க வாங்குச்சி."

"அப்ப எவ்ளோ நேரத்துல வந்தீங்க?"

"அரமணி நேரங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டார். சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று மறுநாள் டாக்டர் சொன்னார். அன்றைக்கே மாடு கிடைத்துவிட்டதாகத் தமிழரசன் போன் செய்தார். வந்தது சாமியா, சர்க்கரையா? சர்க்கரை என்றால் மாட்டைப் பற்றி எப்படித் தெரியும்? சாமி என்றால் தனக்காக ஊசியை விட்டவளை இப்படியா போட்டு வாட்டும்? அப்பாவுக்கு இதே மூச்சு வந்தபோது ஏன் ஒருவரும் குலவையிடவில்லை? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் ஜாஸ்தியாகிறது. அம்மா பிழைத்தால் போதும் என்று அழுதேன்.

ஒன்பதாம் நாள் கண் திறந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பனும் பொண்ணும் என் கால்ல வுழுந்துகினு கெடந்தீங்களே... ஒருத்தராச்சும் என்னத் தூக்கினு வரக்கூடாதா?"