நான் அனுப்பிய போக்காடு

ஆண்டவருக்குள் அன்பான உறவுகளே, மூன்று வருடத்துக்கு முதல் இதே இடத்தில் நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். உங்களில் கனபேருக்கு அது ஞாபகம் இருக்கும். என் தம்பியின் மகள் ரூபி சாகக் கிடந்து பிழைத்து வந்த கதை. நீங்கள் கண்ணீர் விட்டீர்கள். எனக்குக் கை தந்தீர்கள். அன்றைக்கு நான் சொன்னதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியைச் சொல்லத்தான் போதகர் ஐயாவிடம் நேரம் கேட்டு இன்றைக்கு வந்து நிற்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். நான் கலியாணம் செய்யவில்லை. பருத்தித்துறையில் அப்பா விட்டுப்போன வீட்டில் தம்பியோடும் அவன் மனைவி கௌரியோடும் இருந்தேன். கௌரி கோப்பாயில் ஒரு சைவக் குடும்பத்துப் பிள்ளை. தம்பியை விரும்பிக் கட்டி, ஞானஸ்நானம் எடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனதில் அவளுக்கு இடமும் கொடுக்கவில்லை. ஞாயிறு பாடசாலையில் இருபது வருடம் படிப்பித்தவள் என்ற தலைக்கனம் எனக்கு. குடும்பச் செபத்தில் அவளுக்கு ஒரு சொல் தடக்கினால், மூடின கண்ணைத் திறக்காமலே திருத்துவேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அது லெந்து காலம், பெரிய வெள்ளிக்கு முந்தின நோன்பு நாட்கள். என் அறை அலுமாரியில் கறையான் ஏறிவிட்டது. மருந்து வாங்கி, மண்ணெண்ணெயில் கலந்து பூசினேன். மிஞ்சியதை ஒரு வெறும் நெல்லிரசப் போத்திலில் ஊற்றி மூடினேன். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில்தான் அந்தப் போத்தில் இல்லை? நல்லெண்ணெயும் அதில்தான், மண்ணெண்ணெயும் அதில்தான். லெந்துக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. வந்து எடுத்து வைப்போம் என்று குசினி மேசையிலேயே விட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

திரும்பி வந்தபோது ஒழுங்கை நிறையச் சனம். ரூபிக்கு அப்போது நாலு வயது. நெல்லிரசம் என்று நினைத்துக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டாள். கௌரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறுகிறாள், நானும் ஏறினேன். பிள்ளையின் வாயில் மண்ணெண்ணெய் மணம். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அந்த மணம் மூக்கில் பட்டவுடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவசரமாகக் கேட்டார், "போத்திலிலை என்ன இருந்தது? ஆர் வைச்சது?"

கௌரி அழுதுகொண்டே சொன்னாள், "காலமை நான்தான் குசினியிலை போத்திலுகள் கழுவி வைச்சனான் டொக்டர். நானோ தெரியேல்லை."

நானோ தெரியேல்லை. அந்த ஒரு சொல்லை அவள் கீழே வைத்தாள், நான் எடுத்துக்கொண்டேன். "கறையான் மருந்து, மண்ணெண்ணெய் கலந்தது" என்று மட்டும் டொக்டருக்குச் சொன்னேன். யார் வைத்தது என்று சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட நின்றுகொண்டு சொல்லவில்லை. நான் பூசி மிஞ்சின போத்திலை, கழுவின போத்தில்களோடு தான்தான் மேசையில் எடுத்து வைத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைக்கு நெஞ்சு பழுதாகிவிட்டது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள். நான் விறாந்தையில் இருந்து மன்றாடினேன். "ஆண்டவரே, பிள்ளையைத் தாரும். தந்தால் உண்மையைச் சொல்லுவேன்." சாப்பாடு இறங்கவில்லை. பாட்டு வரவில்லை. இந்த ஒரு வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரிய வெள்ளிக்கிழமை காலை பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். ஆண்டவர் தம்முடைய பக்கத்தை நிறைவேற்றினார்.

நான் நிறைவேற்றவில்லை. பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்றேன். பிறகு தம்பியின் கோபம் ஆறட்டும் என்றேன். பிறகு இங்கே வந்து சாட்சி சொன்னேன். "வீட்டில் யாரோ கவனமில்லாமல் வைத்த போத்தில்" என்று சொன்னேன். யாரோ! நான் அப்படிச் சொன்னதும் நீங்கள் எல்லோரும் கௌரி இருந்த வாங்கைப் பார்த்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நான்தான் உங்கள் கண்ணை அந்தப் பக்கம் திருப்பினேன்.

அதற்குப் பிறகு கௌரி உடைந்துபோனாள். எந்தக் கோப்பையையும் மணந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டாள். பிள்ளைக்குத் தீத்தும் சோற்றையும் முதலில் தானே ஒரு வாய் தின்று பார்ப்பாள். தம்பி திட்டவில்லை. ஆனால் அவள் பிள்ளைக்குப் பால் கொண்டுபோனால் எழும்பிப்போய்க் கையில் இருந்து வாங்கிக்கொள்வான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒருநாள் அவளுடைய தகப்பன் வந்து, "கொஞ்ச நாள் எங்களோடை இருக்கட்டும்" என்று சொல்லிக் கோப்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நாள், வருடக்கணக்காகிவிட்டது.

பிள்ளையைத் தம்பி அவளோடு அனுப்பவில்லை, ரூபி என்னோடு இருந்தாள். தலை பின்னிவிட்டேன், பள்ளிக்கூடம் கூட்டிப்போனேன். "மாமி, மாமி" என்று என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிவாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வயிற்றில் சுமக்காத பிள்ளை எனக்குக் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளியும் செபக் கூட்டத்தில், "கௌரியின் மனதைச் சுகப்படுத்தும் ஆண்டவரே" என்று சத்தமாகச் செபித்தேன். என்னைப்போல அன்பான மச்சாள் கிடைக்காது என்று நீங்கள் சொன்னீர்கள். வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஆண்டவர் அந்தக் கள்ளச் செபத்துக்கும் பதில் தந்தார். இந்த வருடம் மாதர் சங்கத்தில் லேவியராகமம் படிப்பிக்க என்னைக் கேட்டார்கள். எத்தனையோ தரம் படிப்பித்த பாடம்தான். குறிப்பு எழுத உட்கார்ந்தேன். பாவநிவாரண நாளில் இரண்டு ஆடு கொண்டுவருவார்கள். ஒன்று பலியாகும். மற்றது போக்காடு. ஆசாரியன் அதன் தலையில் இரண்டு கையையும் வைத்து, சனத்தின் அக்கிரமங்களை எல்லாம் வாய்விட்டு அறிக்கை செய்து, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான்.

போக்காடு என்று எழுதினேன். அதற்கு மேல் பேனை ஓடவில்லை. கௌரி ஒரு துணிப்பையோடு தகப்பனுக்குப் பின்னால் பஸ் ஏறினது கண்ணுக்கு முன்னால் வந்தது. பஸ் வல்லைவெளியைக் கடந்து போயிருக்கும், அந்த வெட்டவெளியை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டு போயிருப்பாள்? என் பாவத்தைத் தலையில் வைத்துக்கொண்டல்லவா போனாள். அந்த ஆசாரியனாவது வாய்திறந்து பாவத்தைச் சொல்லிவிட்டு அனுப்பினான். நான் அதுவும் செய்யவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. போக்காட்டின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நகரத்து வாசலுக்கு வெளியே சிலுவையில் ஒருவர் எங்கள் எல்லோருடைய பாவத்தையும் சுமந்து போய்விட்டார். அவர் வாய் திறக்காமல் நின்றதும் எனக்காகத்தான். இருபது வருடம் இதைத்தான் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். என் பாவத்தைச் சுமக்க அவர் இருக்க, நான் ஏன் கௌரியைப் பிடித்தேன்? அவரிடம் கொடுப்பதென்றால் இது என்னுடையது என்று முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஒரு தாயைப் பிள்ளையிடம் இருந்து பிரித்தேன். நிலத்தில் விழுந்து அழுதேன். "ஆண்டவரே, இதுக்கு மேலை என்னாலை ஏலாது. எனக்கு வாயைத் தாரும்" என்று கேட்டேன். அதுதான் நான் ஒன்றையும் ஒளிக்காமல் செய்த முதல் செபம்.

அடுத்த நாள் காலை பஸ் எடுத்துக் கோப்பாய்க்குப் போனேன். கௌரி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மச்சாள், பிள்ளைக்கு ஏதுமோ?"

"பிள்ளை சுகமாயிருக்கிறாள். கௌரி, அந்தப் போத்திலை வைச்சது நான். நீர் இல்லை."

அவளுக்கு விளங்கவில்லை. இன்னொருதரம் சொன்னேன். அலுமாரி, கறையான், கூட்டத்துக்கு ஓடினது, எல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் வைக்கேல்லையோ?" என்றாள்.

"இல்லை."

"எனக்கு வைச்ச ஞாபகம் இருக்கே மச்சாள். மூடி இறுக்கினது, மேசையிலை வைச்சது, எல்லாம் ஞாபகம் இருக்கே. ஒவ்வொரு நாளும் யோசிச்சு யோசிச்சு எனக்கு எல்லாம் ஞாபகம் வந்திட்டுது." கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தாள். "அப்ப நான் வைக்கேல்லையோ?"

நான் அவளுடைய காலைப் பிடித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீங்கள் எனக்குப் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்" என்றாள்.

அவ்வளவுதான். கத்தவில்லை, சாபம் போடவில்லை. நான் எழும்பி வர வெளிக்கிட்டபோது சொன்னாள், "மன்னிக்கச் சொல்லி இப்ப கேளாதேங்கோ, எனக்கு ஏலாது. சபைக்கு முன்னாலை சொன்னதைச் சபைக்கு முன்னாலையே போய்த் திருத்துங்கோ."

அன்று பின்னேரம் தம்பிக்குச் சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கோப்பாய்க்குப் போனான். அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்க உரிமையும் இல்லை. போன மாதம் கௌரி வீட்டுக்கு வந்துவிட்டாள். ரூபி இன்னும் அவளிடம் ஒட்டவில்லை. சாப்பிட என்னிடம்தான் ஓடி வருகிறாள். "அம்மாட்டைப் போ செல்லம்" என்று அனுப்பிவிட்டு அறைக்குள் போய் அழுகிறேன். தம்பி என்னோடு ஒன்றிரண்டு சொல்தான் கதைப்பான். ஞாயிறு பாடசாலைப் பொறுப்பையும் விட்டுவிட்டேன்.

இதில் ஆண்டவர் செய்த நன்மை எங்கே என்று கேட்பீர்கள். பிள்ளையின் உயிரைத் தந்தார். நான் வாக்கை முறித்த பிறகும் அந்த உயிரைத் திருப்பி எடுக்கவில்லை. மூன்று வருடம் என்னைத் துரத்தி வந்து பிடித்தார். என் பாவத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன், அவர் வாங்கிக்கொண்டார். அழுகிற நேரத்திலும் அதற்காக அவரைத் துதிக்கிறேன். உங்களில் யாருக்காவது வெளியே சொல்லாத ஒன்று இருந்தால் என்னைப்போலக் காலம் கடத்தாதீர்கள். அவரை நம்பி வாய் திறவுங்கள். நீங்கள் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அதைச் சுமக்கிறார்.

கௌரி இன்றைக்கு வந்திருக்கிறாள். உள்ளே வர மனமில்லாமல் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறாள். ஆராதனை முடிந்ததும் தயவுசெய்து என்னிடம் வந்து கை தராதீர்கள். எல்லோரும் அவளிடம் போங்கள்.