ஜெயராணியின் கடல்பச்சைக் கிட்டார்

கூரியர்காரர் இறக்கி வைத்த அட்டைப்பெட்டி ஜெயராணியின் தோள் உயரம் இருந்தது. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லை. கையாலேயே கிழித்தாள். உள்ளே... கடல்பச்சை! நடுவில் வெள்ளைத் தகடு, பளபளக்கும் குமிழ்கள். பதினாறு வயதில், கடலூர் முதுநகர் மாதா கோயில் திருவிழா மேடையில் யாரோ ஒரு சென்னைக்காரர் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தாளே, அதே உருவம்! அந்தக் காலத்து அசலை இன்று பணக்காரர்கள்தான் தொட முடியும். ஆனால் அதே அச்சில், அதே நிறத்தில், மாதச் சம்பளக்காரர்களும் வாங்கும்படி இப்போது புதிதாகச் செய்கிறார்கள்.

"ஏங்க, வந்துடுச்சிங்க!"

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் ராஜாமணி இதற்காகவே லீவு போட்டிருந்தார். "நல்லாப் பாரு ஜெயா. இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. ஒரு மாசமா தேடிப் புடிச்சேன்."

பீச்சாங்கை ஜெயராணி. ஊரே வைத்த பெயர் அது. அவள் வேலை பார்க்கும் மஞ்சக்குப்பம் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும்போதுகூட, "அந்தக் கையாலயாம்மா குத்துவ?" என்று கேட்காதவர்கள் இல்லை. இப்போது அவளுடைய கைக்கென்றே ஒரு சாமான்! கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியில் வைத்துக் கம்பியை மீட்டினாள்.

அவ்வளவுதான். எதிர்பார்த்த சுரம் வரவில்லை.

கோயில் பாடல் குழுவில் இருந்த வலது கை கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத்தான் அவள் பழகினாள். மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே. முப்பது வருடப் பழக்கம். இதிலோ முறைப்படி தடித்த கம்பி மேலே இருந்தது. விரல்கள் திசை தெரியாமல் தடுமாறின.

ராஜாமணியின் முகம் சுருங்கியது. "தப்பான சாமான வாங்கிட்டனா?"

மூன்று மணிக்கு வேன் வந்துவிடும். சாயங்காலம் சிதம்பரத்தில் ரிசப்ஷன் கச்சேரி. மெல்லிசைக் குழு நடத்தும் அவள் அண்ணன் ஆரோக்கியராஜ் முடிவாகச் சொல்லியிருந்தார். "பாட்டு நடுவுல உன் சத்தம் காணாமப் போயிடுது. இருந்த கிட்டாரும் போன மாசம் ஒடஞ்சி போச்சி. சிதம்பரத்துல சரியா வரலன்னா, கீபோர்டுல ஒரு பட்டன அமுக்கிக் கிட்டார் சத்தத்த நானே குடுத்துக்குவேன். அப்புறம் நீ கெளம்பி வர வேணாம்."

இருவரும் வேனில் ஏறியதும் ஆரோக்கியராஜ் சிரித்தார். "இன்னா மச்சான், பச்சைக் கலர்ல தொட்டில் வாங்கியிருக்கீங்களா?"

ராஜாமணி ஆலைப் பையைத் திறந்து மெல்லிய அரம் ஒன்றை எடுத்தார். "கம்பிய மாத்திப் போட்டா வாசிப்பியா, ஜெயா?"

அவள் மனசு துள்ளியது. "வாசிப்பேங்க!"

ஆலப்பாக்கம் டீக்கடையில் வேன் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். இவர்கள் இருவரும் வேனிலேயே ஆறு கம்பிகளையும் கழற்றி, மேல் கீழாக மாற்றிப் போடத் தொடங்கினார்கள். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையில், தடித்த கம்பி இறங்குவதற்காக ராஜாமணி சின்னப் பள்ளத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ராவினார். மெல்லிய கம்பியோ பெரிய பள்ளத்தில் லொடலொடவென்று ஆடியது. ஜெயராணி, எட்டிப் பார்த்த அண்ணனின் சட்டைப் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை உருவி, ஓரத்தைக் கிழித்து, மடித்துப் பள்ளத்தில் திணித்தாள்.

"ஏய், மண்டபம் அட்ரஸ் அதுலதான்டி இருக்கு!"

"அட்ரஸ் அப்படியே இருக்குண்ணே. பொண்ணோட தாய்மாமன் பேருதான் போச்சி."

சிதம்பரம் மண்டபத்தில் ஜனம் நிறைந்திருந்தது. முதல் பாட்டே கிட்டார் முன்னிசையோடு தொடங்குவது. ஆரோக்கியராஜின் விரல் அந்தப் பட்டன்மேல் தயாராக நின்றது. ஜெயராணி அதைப் பார்த்தாள். பார்க்காதது போலக் கண்ணை மூடினாள். மீட்டினாள்.

கணீர் என்று எழுந்தது நாதம்! விரல்கள் மேலும் கீழும் ஓடின. பாட்டின் நடுப்பகுதி வந்தது. வழக்கமாகச் சத்தம் தேய்ந்து போகும் இடம். தேயவில்லை! அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலைகீழாகப் பிடித்த பழைய கிட்டாரில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் மேல்பக்கம் வந்துவிடும். இவள் முழங்கையே உரசி உரசிச் சத்தத்தைக் குறைத்திருக்கிறது. இதில் குமிழ்கள் கீழே, கை படாத இடத்தில் இருந்தன. ஐயோ, இந்த மனுஷன் சரியானதைத்தான் வாங்கியிருக்கிறார்!

கண்ணீர் வழிய வழிய வாசித்தாள். முன்வரிசையில் சாப்பிட எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். மேடையோரம் ராஜாமணி, அரம் பிடித்த கையாலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் ஆரோக்கியராஜ் அவள் பக்கம் சாய்ந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை கம்மாபுரம். நாலு மணிக்கு வேன் வரும், ரெடியா இரு."

"அந்தப் பட்டன் இன்னாண்ணே ஆச்சி?"

"எந்தப் பட்டன்?" என்றார் ஆரோக்கியராஜ், கீபோர்டைப் பார்த்துக்கொண்டே.