நாலே கால் வண்டியும் காம்போசிட் கணக்கும்

சென்ற வாரம் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலைக் கடை ஒன்றுக்குப் பிரவுன் ஷீட் வாங்கப் போனேன். பேத்தி எட்டாவது போகிறாள். மேசைமேல் அவள் வகுப்புப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். என் கண் சும்மா இருக்காது. எண்ணினேன். கணக்குக்கு மட்டும் மூன்று புத்தகம். மறுபடி எண்ணினேன், மூன்றுதான்.

"இன்னா பெர்சு, வாங்கப் போறியா, இல்ல எண்ணிகினே நிக்கப் போறியா?" என்றார் கடைக்காரர்.

கோபம் வந்தது. அவர் கட்டைப் பிரித்ததும் கிளம்பிய பழுப்புத்தாள் வாசனை அந்தக் கோபத்தை வேறொருவர்மேல் திருப்பிவிட்டது. அந்த ஆள் எங்கள் தலைமையாசிரியர். காலமாகி எத்தனையோ வருடமாகிறது. என் கோபத்துக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

அறுபதுகளில், இதே குரோம்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டிலும் ஜூன் மாதத்தில் இந்த வாசனை வரும், ஆனால் பாதிதான் வரும். நானும் அக்கா கிரேசும் ஒரே வகுப்பு. டைபாய்டு வந்ததில் அவளுக்கு ஒரு வருடம் போய்விட்டது. "ஒரே வீட்டுக்கு எதுக்கு ரெண்டு செட்டு?" என்று அப்பா ஒரே செட்டுதான் வாங்குவார். அவர் தாம்பரம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். எங்கள் பள்ளிக்கூடமும் தாம்பரத்தில்தான். கணக்குப் புத்தகம் காலையில் அவளுக்கு, மாலையில் எனக்கு. என் முறை வரும்போது விடைகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்ன டிக் இருக்கும். எல்லாவற்றையும் போட்டு முடித்திருப்பாள்.

மற்ற பாடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விஞ்ஞானத்துக்குக் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் மணி வடிவில் ஒரு கண்ணாடி ஜாடி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் பூட்டைத் திறந்து துடைத்து வைப்பார்கள். எரியும் மெழுகுவத்தியை அந்த ஜாடியால் மூடினால் அணைந்துவிடும் என்பது சோதனை. அது அணைந்ததை நாங்கள் யாரும் கண்டதில்லை. அணைந்தது கண்டோம் என்று மூன்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். சமூக பாடத்தில் அணைக்கட்டுகள் வரும். நான் எண்ணி வைத்திருந்தேன், பதினொன்று. பள்ளிக்கூடத்துப் பின்புறம் தளும்பிய ஏரி அதில் கிடையாது. தோல் தொழில் எந்தெந்த வட இந்திய நகரங்களில் சிறக்கிறது என்று மனப்பாடம் செய்வோம். மனப்பாடம் செய்யும்போதே காற்று திரும்பி, தோல் தொழிற்சாலை நாற்றம் சன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். தோல் பதனிடும் குரோமியத்தால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா மட்டும் கேட்பாள். தொட்டிக் கணக்கு நினைவிருக்கும் உங்களுக்கு. ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், தொட்டி எப்போது நிறையும்?

"காலி பண்ற குழாய மூடிட்டா போதுமே சார்? எதுக்குத் திறந்து வெக்கறாங்க?"

"உனக்கு மார்க் போடறதுக்குத்தான், கிரேஸ்" என்றார் கணக்கு வாத்தியார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். எட்டாவதில் முதல் மார்க் அவளுக்குத்தான். நான் எத்தனையாவது என்பது வேண்டாம்.

எட்டாவது வரை எல்லோருக்கும் ஒரே கணக்கு. ஒன்பதாவதில் இரண்டாகப் பிரிப்பார்கள். காம்போசிட் மேத்ஸ் என்றால் அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி எல்லாம் கொண்டது. ஜெனரல் மேத்ஸ் சுலபம். ஆனால் ஜெனரல் எடுத்தவர்கள் காலேஜில் சயன்ஸ் குரூப் பக்கமே போக முடியாது. பதின்மூன்று, பதினாலு வயதிலேயே கதவைச் சாத்திவிடும் ஏற்பாடு. எங்கள் பள்ளியில் காம்போசிட்டுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. பெண்களோ நாலே கால் மின்சார வண்டியில் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆகவே பெண்கள் எல்லோருக்கும் ஜெனரல். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அக்கா தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். துணைக்கு நான்.

"தம்பியும் இதே கிளாஸ்தான் சார். அவன்கூடவே வீட்டுக்குப் போயிடுவேன்."

"நாப்பது பசங்க நடுவுல நீ ஒருத்தி உட்காருவியாம்மா? இன்னொரு பொண்ணும் வந்தா பாக்கலாம்."

வீட்டில் அப்பா, "ஹெச்.எம். சொல்றது நியாயம்தானே? வீட்டுக் கணக்குப் போட ஜெனரல் போதாதா?" என்றார்.

"வீட்டுக் கணக்கு ஆறாவதுலயே முடிஞ்சிடுச்சுப்பா" என்றாள் அக்கா. அப்பா பேப்பரை மடித்து மறு பக்கம் படிக்க ஆரம்பித்தார்.

வகுப்பில் அவளைத் தவிர ஒன்பது பெண்கள். ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். "ஏண்டி, கணக்கையே கட்டிக்கப் போறியா?" என்று கேலி செய்தார்கள். கடைசியில் பல்லாவரத்திலிருந்து வரும் மெர்சி சரி என்றாள். வருடம் முழுக்க அவள் ஹோம்வொர்க்கை அக்கா போட்டுத் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். அக்கா அதற்கும் தலையாட்டினாள்.

முதல் ஸ்பெஷல் கிளாஸ். அக்கா முன் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் மெர்சிக்காகப் பையை வைத்திருந்தாள். ஸ்டேஷன் பக்கமிருந்து நாலே கால் வண்டியின் ஊதல் கேட்டது. தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார்.

"எங்கம்மா உன் ஜோடி?"

"வருவா சார்."

"அவ வண்டி புடிக்கப் போனத நானே பார்த்தேன். எழுந்திரு."

பின்னால் ஒருவன் விசில் அடித்தான். அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வெளியே எங்கே போவாள்? அவள் போக வேண்டிய வண்டிதான் போய்விட்டதே. நாற்பது பையன்களோடு, வாத்தியார் இருக்கும் அறையில் உட்காரக்கூடாது என்று அனுப்பப்பட்டவள், ஆள் நடமாட்டமில்லாத பள்ளிக்கூட வாசற்படியில் ஒன்றேகால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். கிளாஸ் விட்டதும் என்னோடு ஆறு மணி வண்டியில் வீட்டுக்கு வந்தாள். எந்த வண்டியில் அவள் வரக்கூடாது என்றார்களோ அதே வண்டி. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும், "இன்னிக்கு என்ன நடத்தினார்?" என்று மட்டும் கேட்டாள்.

சுமாரான மார்க்கோடு நான் சயன்ஸ் குரூப் சேர்ந்தேன். கடைசியில் ஆபீஸில் ஃபைல் தள்ளினேன். அதற்கு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. அக்கா டைப்ரைட்டிங் படித்தாள், கல்யாணம் ஆகிப் பொழிச்சலூர் போனாள்.

தோல் நாற்றம் இப்போது இல்லை. அந்தச் சின்ன மீட்டர் கேஜ் வண்டிகள் இல்லை. ஏரியின் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. இவற்றுக்கெல்லாம் பெருமூச்சு விட நிறைய பேர் இருக்கிறார்கள், நான் விடுவதாயில்லை. காணாமல் போனவற்றில் எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில் பதினோராம் வகுப்புப் பரீட்சை போய் பிளஸ் டூ வந்தபோது, காம்போசிட்டும் ஜெனரலும் சேர்ந்து போயின. பத்தாவது வரை ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே கணக்கு. இதைச் சொல்வதற்காக அப்போதே பொழிச்சலூர் போனேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யாராவது போராடினாங்களா?"

"இல்லக்கா. ஆர்டர் போட்டாங்க, மாத்திட்டாங்க."

கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"ஒரு ஆர்டர்ல போயிடற விஷயமாடா அது?" என்றாள்.